1 கோடி ரூபாய் எஸ்யூவி வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க திங்கட்கிழமையைப் பாருங்க

டெஸ்ட் டிரைவ் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நடக்கும். ரோடு காலியாக இருக்கும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ், ஃபிளைஓவர் ஏறும் இடம் பார்த்து, "ஸ்போர்ட் மோட் போட்டு ஒரு தடவை நல்லா மிதிங்க சார்" என்பார். மிதிக்கிறீர்கள். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிறது, பின்சீட்டில் இருக்கும் மனைவி "மெதுவா, மெதுவா" என்கிறார். ஷோரூமுக்குத் திரும்பும்போது உங்கள் மனசுக்குள் கலர்கூட முடிவாகியிருக்கும்.

ஆனால் அந்த வண்டியை நீங்கள் அதிகம் ஓட்டப்போவது ஞாயிறு காலையில் இல்லை. திங்கட்கிழமை ஒன்பதே காலுக்கு, அவுட்டர் ரிங் ரோட்டிலோ ஓஎம்ஆரிலோ, முன்னால் ஒரு தண்ணீர் லாரி, பக்கத்தில் கண்ணாடியை உரசிக்கொண்டு போகும் ஸ்கூட்டர் என்று இருக்கும்போதுதான். டாம்டாம் நிறுவனத்தின் 2024 போக்குவரத்துக் கணக்குப்படி, பெங்களூருவில் 10 கி.மீ. கடக்கச் சராசரியாக 34 நிமிடம் ஆகிறது. அதாவது மணிக்கு 18 கி.மீ. வேகம்கூட வராது. சென்னையிலும் அரை மணி நேரத்துக்குக் குறையவில்லை. 360 எச்பி இன்ஜினும் அங்கே அதே 18-ல்தான் போகும்.

அதனால் வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. முப்பதுகளில் நல்ல சம்பளம், இஎஸ்ஓபி கைக்கு வந்திருக்கிறது, சின்ன வயசிலிருந்து ஆசை. வாங்கலாம், தப்பே இல்லை. ஆனால் தினமும் ஓட்டுகிற வண்டி என்றால், தேர்வு செய்யும் வரிசையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். பிராண்ட், எச்பி, கலர், அப்புறம் இஎம்ஐ என்று போகாமல், உங்கள் ரோடு, பார்க்கிங், மாநில வரி, டயர், அப்புறம் இன்ஜின் என்று போய்ப் பாருங்கள். பல நேரம் வேறு வண்டியில் வந்து நிற்பீர்கள்.

'பெர்ஃபார்மன்ஸ்' என்று எதற்குக் காசு கொடுக்கிறோம்?

0-விலிருந்து 100 கி.மீ. வேகத்தை எத்தனை விநாடியில் தொடுகிறது என்பதுதான் எல்லா விளம்பரத்திலும் பெரிய எழுத்தில் இருக்கும். 2023-ல் இந்தியாவுக்கு வந்த பிஎம்டபிள்யூ எக்ஸ்3 எம்40ஐ 4.9 விநாடி. ஆறு சிலிண்டர் டீசல் எக்ஸ்5 30டி 6.1 விநாடி. சரி, 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திரா எக்ஸ்இவி 9இ? பெரிய பேட்டரி மாடலுக்கு நிறுவனம் சொல்லும் கணக்கு 6.8 விநாடி, 286 எச்பி. விலை 30 லட்சத்தை ஒட்டி.

எலெக்ட்ரிக் மோட்டார் வந்தபிறகு நேர்கோட்டு வேகம் மலிவாகிவிட்டது. சிக்னலில் முந்துவதற்காக மட்டும் 1 கோடி கொடுக்கத் தேவையே இல்லை.

அப்புறம் எதற்குத்தான் கொடுக்கிறோம்? ஹைவேயில் 80-லிருந்து 120-க்கு, கத்தாமல், கியர் தேடாமல் போய் லாரியைத் தாண்டுவதற்கு. 2 டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி அதே வேகத்திலிருந்து மூன்றாவது முறையும் முதல் முறை போலவே பிரேக் பிடித்து நிற்பதற்கு. மழையில் நாலு சக்கரமும் ரோட்டைப் பிடிப்பதற்கு. ஆறு மணி நேரம் ஓட்டி இறங்கினால் இடுப்பு வலிக்காமல் இருப்பதற்கு. டெல்லி–மும்பை எக்ஸ்பிரஸ்வேயிலேயே கார்களுக்கு உச்ச வேகம் 120 தான். அந்த 120-க்குள் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் நமக்குத் தேவையான பெர்ஃபார்மன்ஸ்.

இந்த அளவுகோலில் பார்த்தால், என் கணிப்பில் இந்தியாவில் தினசரி ஓட்ட ஏற்ற வேகமான சொகுசு எஸ்யூவி என்பது 'எம்', 'ஏஎம்ஜி' பேட்ஜ் உள்ள வண்டி இல்லை. அதற்கு ஒரு படி கீழே இருக்கும் ஆறு சிலிண்டர் வண்டி. எக்ஸ்5 30டி 286 எச்பி, 650 நியூட்டன் மீட்டர் டார்க். மெர்சிடிஸ் ஜிஎல்இ 450டி 367 எச்பி, 750 நியூட்டன் மீட்டர். இந்த டார்க், இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே கிடைப்பதால், டிராஃபிக்கிலும் வண்டி முரண்டு பிடிக்காது. பேட்ஜ் வண்டிகளின் சஸ்பென்ஷன் இறுக்கம், பெரிய வீல், அகல டயர் எல்லாம் ரேஸ் டிராக்கில் தரும் சந்தோஷத்தை வேளச்சேரி ஸ்பீட் பிரேக்கரில் திருப்பி வாங்கிவிடும்.

இன்னொரு விஷயம், பேட்ஜை மட்டும் பார்த்து இன்ஜினை ஊகிக்காதீர்கள். ஏஎம்ஜி ஜிஎல்சி 43 கூபே முன்பு 3 லிட்டர் வி6 இன்ஜினோடு வந்தது. இப்போதைய தலைமுறையில் அதே 43 பேட்ஜுக்குப் பின்னால் இருப்பது 2 லிட்டர், நாலு சிலிண்டர், 421 எச்பி. வேகத்தில் குறையில்லை. ஆனால் ஆறு சிலிண்டர் சத்தத்தை நினைத்துக்கொண்டு போனவர்களுக்கு ஏமாற்றம்தான்.

டீசலா, பெட்ரோலா?

'டீசல் செத்துப்போச்சு' என்று வாட்ஸ்அப்பில் சொல்வார்கள். பெரிய எஸ்யூவியில் அப்படி இல்லை. ஆனால் இரண்டு நிபந்தனை உண்டு.

முதலாவது, நீங்கள் ஓட்டும் தூரம். 2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ்6 வந்ததும் டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டி சேர்ந்தது. கரியைப் பிடித்து வைத்து, அவ்வப்போது அதிகச் சூட்டில் எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அந்தச் சூடு வர, வண்டி நிற்காமல் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். தினமும் வீட்டிலிருந்து ஆபீஸுக்கு 6 கி.மீ., திரும்பி 6 கி.மீ., வாரம் முழுக்க இதே பாடு என்றால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். வாரம் ஒருமுறையாவது ஹைவேயில் அரை மணி நேரம் ஓட்டுவீர்கள் என்றால் டீசல் எடுங்கள். இல்லையென்றால் பெட்ரோல்தான்.

இரண்டாவது, நீங்கள் இருக்கும் ஊர். டெல்லி என்சிஆரில் 10 வருடம் தாண்டிய டீசல், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலையில் இந்த வண்டிகளுக்கு பெட்ரோல் பங்க்கில் எரிபொருளே கொடுக்காதே என்று உத்தரவு வந்தது, எதிர்ப்பில் நின்றது, மறுபடி நீதிமன்றம் போனது. சட்டம் எங்கே போய் முடிந்தாலும் சந்தை ஏற்கெனவே தீர்ப்பு சொல்லிவிட்டது. குர்கானில் வேலை செய்கிறீர்கள் என்றால், பழைய டீசலை வாங்க வருகிறவர் இந்த 10 வருடக் கணக்கைக் காட்டியே விலையைக் குறைப்பார்.

பெட்ரோல் பக்கம் இ20 விஷயம் இருக்கிறது. எத்தனாலில் பெட்ரோலைவிட லிட்டருக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதை 20% கலந்தால், கலப்பில்லாத பெட்ரோலைவிட மொத்தத்தில் சுமார் 7% குறையும். மைலேஜும் அந்த அளவுக்கு இறங்கலாம். வாங்கும் முன் எரிபொருள் மூடியைத் திறந்து உள்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். எத்தனை ஆக்டேன், எந்தக் கலப்பு வரை போடலாம் என்று அதில் இருக்கும். பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

ஆனால் ஒன்று சொல்லணும். "மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதான் நம்ம ஊரில் முதல் கேள்வி. இந்த விலையில் அதுதான் கடைசிக் கேள்வியாக இருக்க வேண்டும். மாதம் 1,000 கி.மீ., லிட்டருக்கு 7 கி.மீ., லிட்டர் 100 ரூபாய் என்று போட்டாலும் 14,300 ரூபாய்தான். உண்மையான செலவு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

விலைப் பட்டியலில் அரசுக்கு எவ்வளவு?

2025 செப்டம்பர் 22-லிருந்து பெரிய எஸ்யூவிகளுக்கு ஜிஎஸ்டி 40%. அதற்கு முன்பு 28% வரியும் 22% செஸ்ஸும் சேர்ந்து 50% இருந்தது. ஆக, கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இருந்தாலும் எக்ஸ்-ஷோரூம் விலை 1 கோடி என்றால் அதற்குள்ளேயே 28.5 லட்சம் வரி.

அதற்கு மேல் மாநிலத்தின் வாழ்நாள் சாலை வரி. இங்கேதான் ஊருக்கு ஊர் வித்தியாசம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 20%. கர்நாடகாவில் 18%, அந்த வரிமேல் ஒரு செஸ். மகாராஷ்டிராவில் தனிநபர் பெயரில் பெட்ரோல் என்றால் 13%, கம்பெனி பெயரில் என்றால் 20%. டெல்லியில் பெட்ரோலுக்கு 10%, டீசலுக்கு 12.5%. அதே 1 கோடி பெட்ரோல் எஸ்யூவிக்குச் சென்னையில் சுமார் 20 லட்சம், டெல்லியில் சுமார் 10 லட்சம். நடுவில் இருக்கும் 10 லட்சத்தில் ஒரு நல்ல ஹேட்ச்பேக் வாங்கிவிடலாம்.

உடனே ஒரு நண்பர் "பாண்டிச்சேரி அட்ரஸ்ல பதிவு பண்ணிடலாம் மச்சி" என்பார். வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டப்படி, 12 மாதத்துக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும். 2017-ல் கேரளாவில் சினிமா பிரபலங்கள் சிலர் இந்தப் பாண்டிச்சேரி விவகாரத்தில் வழக்கு வரை போனது நினைவிருக்கலாம். போலி முகவரி கொடுப்பது வரி பாக்கி விவகாரத்தோடு நிற்காது, கிரிமினல் குற்றமாகவும் ஆகும்.

நேர்மையான வழி ஒன்று இருக்கிறது: 2021-ல் வந்த பிஎச் சீரிஸ் நம்பர் பிளேட். அரசு ஊழியர்களுக்கும், நாலு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் வைத்திருக்கும் தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் கிடைக்கும். 15 வருட வரியை ஒரே அடியாகக் கட்டாமல் இரண்டு இரண்டு வருடமாகக் கட்டலாம். இன்றைக்கு பெங்களூரு, அடுத்த வருடம் புனே என்று மாறிக்கொண்டிருக்கும் ஐடிக்காரர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. விற்கும்போது, பிஎச் தகுதி இல்லாதவர் வாங்கினால் மாநிலப் பதிவுக்கு மாற்ற வேண்டியிருக்கும். அதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

முழுதாகக் கட்டி வெளிநாட்டிலிருந்து வரும் வண்டிகள் தனிக் கதை. 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள காருக்கு 70% சுங்க வரி, 40% வேளாண் உள்கட்டமைப்பு வரி, மொத்தம் 110%. போர்ஷே மக்கானின் இந்திய விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குப் பதில் இதுதான். எக்ஸ்5 சென்னைக்கு வெளியே செங்கல்பட்டுப் பக்கம் உள்ள தொழிற்சாலையிலும், ஜிஎல்இ புனே சாக்கனிலும், ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் 2024-லிருந்து புனேயிலும் பூட்டப்படுகின்றன. பாகங்களாக வருவதால் இவற்றுக்கு வரி குறைவு. பிரிட்டனுடன் 2025 ஜூலையில் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம், குறிப்பிட்ட ஒதுக்கீட்டுக்குள் கார் வரியைப் படிப்படியாக 10% வரை இறக்கச் சொல்கிறது. இன்றைக்கு 110% வரியோடு இறக்குமதி வண்டி வாங்கினால், நாளைக்குப் புது வண்டி விலை இறங்கும்போது உங்கள் பழைய வண்டியின் விலையும் சேர்ந்து இறங்கும் என்ற ஆபத்து அதில் இருக்கிறது.

பில்லில் இன்னொரு வரி பார்ப்பீர்கள்: 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1% டிசிஎஸ். இது செலவு இல்லை. வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். மறந்துவிடாதீர்கள், கிட்டத்தட்ட 1 லட்சம் ரூபாய்!

"கம்பெனி பேர்ல வாங்கினா ஜிஎஸ்டி திரும்ப வந்துடும்" என்பதும் சரியில்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு, 13 பேர் வரை உட்காரும் பயணிகள் வாகனத்துக்கு உள்ளீட்டு வரி வரவை மறுக்கிறது. டாக்ஸி, கார் விற்பனை, டிரைவிங் ஸ்கூல் மாதிரித் தொழில்களுக்குத்தான் விலக்கு. சொந்தத் தொழில் செய்பவர்கள் ஆண்டுக்கு 15% தேய்மானம் காட்டலாம். மாதச் சம்பளக்காரர்களுக்கு அதுவும் கிடையாது.

இஎம்ஐ சொல்லாத கணக்கு

தமிழ்நாட்டில் அந்த 1 கோடி வண்டி ரோட்டுக்கு வரச் சுமார் 1.25 கோடி என்று வைத்துக்கொள்வோம். 45 லட்சம் கையிலிருந்து, 80 லட்சம் கடன், 9% வட்டி. 5 வருடத்துக்கு இஎம்ஐ 1.66 லட்சம். "7 வருஷம் போட்டா 1.29 லட்சம்தான் சார்" என்பார்கள். ஆமாம், ஆனால் வட்டி மட்டும் 19.6 லட்சத்திலிருந்து 28 லட்சத்துக்கு ஏறுகிறது.

இதை இன்சூரன்ஸோடு சேர்த்துப் பாருங்கள். காப்பீட்டில் வண்டியின் மதிப்பு, அதாவது ஐடிவி, ஆண்டுதோறும் ஒரு அட்டவணைப்படி இறங்கும். முதல் வருடத்தின் பின்பாதியில் 15%, மூன்றாவது வருடத்தில் 30%, ஐந்தாவது வருடத்தில் 50% கழிவு. இது எக்ஸ்-ஷோரூம் விலையை வைத்துப் போடும் கணக்கு. நீங்கள் கட்டிய 20 லட்சம் சாலை வரி அதில் இல்லவே இல்லை.

நாலு வருடம் முடிந்த மறுமாதம் வண்டி வெள்ளத்தில் முழுசாகப் போய்விட்டது என்று வைப்போம். ஐடிவி சுமார் 50 லட்சம். 7 வருடக் கடனில் பாக்கி 40 லட்சத்துக்குச் சற்று மேல். வங்கி எடுத்தது போக உங்கள் கையில் 10 லட்சம்கூட முழுசாக வராது. அதுவரை நீங்கள் கட்டியது முன்பணமும் இஎம்ஐயும் சேர்த்து 1 கோடியே 6 லட்சத்துக்கு மேல்.

அதனால்தான் முதல் சில வருடங்களுக்கு 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' கவர் எடுங்கள் என்கிறோம். பில் தொகை முழுவதும் கிடைக்க வழி செய்யும் ஆட்-ஆன் இது. சாலை வரியும் சேருமா என்று பாலிசியில் எழுத்தில் பாருங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள். அதோடு ஜீரோ டெப்ரிசியேஷன் கட்டாயம். இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள். இந்த வண்டிகளின் முன்பக்கம் முழுக்க பிளாஸ்டிக்தான்!

7 வருடக் கடன் போட்டால்தான் கட்டுப்படியாகும் என்றால், ஒரு படி சின்ன வண்டியைப் பாருங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டயரும் தண்ணீரும்

ஷோரூமில் யாரும் டயர் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை. படியுங்கள். 265/50 ஆர்19 என்றால், 265 மி.மீ. அகலம், அதில் 50% உயரமுள்ள பக்கச் சுவர், 19 அங்குல வீல். சுவர் உயரம் 132 மி.மீ. அதே வண்டிக்கு 275/40 ஆர்21 போட்டால் சுவர் 110 மி.மீ. இந்த 22 மி.மீ. ரப்பர்தான் பள்ளத்தில் விழும்போது அலாய் வீலுக்கும் கல்லுக்கும் நடுவில் நிற்கிறது. 21 அங்குல வீல் பார்க்க அம்சமாகத்தான் இருக்கும். மழைக்காலம் முடிந்து வளைந்த ரிம்மோடு நிற்கும்போது அந்த அழகு ஞாபகத்துக்கு வராது. சின்ன வீல் கேட்டால் தரும் மாடல் என்றால், கேட்டு வாங்குங்கள்.

இந்த அளவில் ஒரு டயர் 40,000 ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும் வண்டி என்பதால் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுப் போக முடியாது. குறைந்தது ஜோடியாகவாவது மாற்றச் சொல்வார்கள். பின்டயர் முன்டயரைவிட அகலமாக இருந்தால் முன்னும் பின்னும் இடம் மாற்றிப் போடவும் முடியாது. அதைவிட முக்கியம்: வழக்கமான காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில், வண்டிக்கு வேறு சேதம் இல்லாமல் டயர் மட்டும் கிழிந்தால் ஒரு பைசா கிடைக்காது. வண்டியோடு சேர்ந்து கெட்டால் பாதி. டயருக்குத் தனி ஆட்-ஆன் இருக்கிறது, எடுத்துவிடுங்கள்.

ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் டிக்கியைத் திறந்து பாருங்கள். பல மாடல்களில் ரன்-ஃபிளாட் டயர் என்று சொல்லி ஸ்டெப்னியை எடுத்துவிட்டார்கள். பஞ்சரானாலும் பொதுவாக 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் ஓட்டலாம் என்பது கணக்கு. ராத்திரி 11 மணிக்கு உளுந்தூர்பேட்டை தாண்டி பஞ்சரானால், 80 கி.மீ.க்குள் 21 அங்குல டயர் வைத்திருக்கும் கடை திறந்திருக்குமா? சொந்த ஊருக்கு அடிக்கடி போகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

அடுத்து தண்ணீர். 2022 செப்டம்பரில் பெங்களூருவின் கோடீஸ்வர வில்லாக்களில் பென்ட்லி வரை மூழ்கிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். 2023 டிசம்பரில் சென்னை. எஸ்யூவி உயரமாக இருக்கிறது என்பதால் தண்ணீரில் தைரியமாக இறக்கிவிடுகிறோம். இன்ஜினுக்குள் தண்ணீர் போன பிறகு ஸ்டார்ட் செய்தால் உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதை 'நீங்களே செய்துகொண்ட சேதம்' என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனிகள் கைவிரிப்பது வழக்கம். இன்ஜின் ப்ரொடெக்ட் கவர் எடுங்கள். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள். ஃபிளாட்பெட் லாரியில்தான் ஏற்ற வேண்டும்.

பார்க்கிங், சர்வீஸ், எலி

எக்ஸ்5 அகலம் கண்ணாடிகள் இல்லாமலேயே 2 மீட்டர். பல அப்பார்ட்மென்ட்களில் ஒரு ஸ்லாட் 2.5 மீட்டர். பக்கத்துக்கு 25 செ.மீ. மிச்சம். கதவைத் திறந்து இறங்க வேண்டியவர் நீங்கள்தான். அடுக்கு பார்க்கிங் என்றால் லிஃப்ட் மேடையின் எடை வரம்பைப் போர்டில் பாருங்கள். இந்த வண்டிகள் காலியாகவே 2 டன் தாண்டும், எலெக்ட்ரிக் என்றால் இன்னும் அதிகம்.

சர்வீஸ் பேக்கேஜ், கூடுதல் வாரன்டி இரண்டையும் வண்டி வாங்கும் நாளிலேயே பேரம் பேசி வாங்குங்கள், பிறகு விலை ஏறும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால் வாரன்டி இல்லாமல் ஒரு நாள்கூட வைத்திருக்க வேண்டாம். எலி வயரைக் கடிப்பது சிரிப்பு விஷயம் இல்லை. பாலிசி அதை ஏற்குமா என்று கேட்டுவிடுங்கள்.

மூன்று வயசு வண்டி வாங்கலாமா?

எனக்குக் கேட்டால், இதுதான் புத்திசாலித்தனம். முதல் ஓனர் சாலை வரியையும் செங்குத்தான தேய்மானத்தையும் ஏற்றுக்கொண்டுவிட்டார். ஆனால் உங்கள் மாநிலப் பதிவாக இருக்க வேண்டும். டெல்லி வண்டி விலை குறைவாக இருக்கிறது என்று வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்தால் இங்கே மறுபடி வரி கட்டணும். பதிவுபெற்ற டீலர்களிடம் வாங்கினால், அவர்களுடைய லாபத் தொகையின் மேல் மட்டும் 18% ஜிஎஸ்டி. தனிநபரிடம் வாங்கினால் அதுவும் இல்லை.

சேஸிஸ் நம்பரைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் முழு சர்வீஸ் வரலாற்றைப் பாருங்கள். டயரில் உள்ள நாலு இலக்கம் தயாரிப்பு வாரமும் வருடமும்: 2322 என்றால் 2022-ன் 23-வது வாரம். '15,000 கி.மீ.தான் ஓடியிருக்கு' என்கிற வண்டியில் நாலும் புது டயராக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியில் கோடு மாதிரி சேற்றுக் கறை அங்கே தங்கியிருக்கும்.

எலெக்ட்ரிக் பக்கம் ஜிஎஸ்டி 5% மட்டும்தான். பெட்ரோலுக்கும் அதற்கும் 35 புள்ளி வித்தியாசம். உங்கள் சொந்த ஸ்லாட்டில் சார்ஜர் போட அசோசியேஷன் அனுமதிக்கும் என்றால், நகர ஓட்டத்துக்கு நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன். அனுமதி இல்லையென்றால் அந்தப் பேச்சை இப்போதைக்கு விடுங்கள்.

மறுபடி டெஸ்ட் டிரைவ் கேளுங்கள்

ஞாயிறு வேண்டாம். வேலை நாளில், சாயங்காலம் ஆறரை மணிக்குக் கேளுங்கள். வாங்கப்போகும் அதே வீல் அளவு வண்டிதான் வேண்டும் என்று சொல்லுங்கள். டெமோ கார் பெரும்பாலும் டாப் வேரியன்ட்டாக இருக்கும். அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்சீட்டில் உட்கார வையுங்கள். ஏறும்போது அம்மா கதவைப் பிடிக்கிறாரா, முழங்காலைப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். உங்கள் தெருவின் மோசமான ஸ்பீட் பிரேக்கரில் நாலு பேரோடு ஏற்றுங்கள், அடியில் உரசுகிறதா என்று காது கொடுங்கள். பிறகு உங்கள் பேஸ்மென்ட் சரிவில் இறக்கி, உங்கள் ஸ்லாட்டில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தி, கதவைத் திறந்து நீங்களே இறங்கிப் பாருங்கள். சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் முகம் கொஞ்சம் சுருங்கும், பரவாயில்லை.

டெலிவரிக்கு முந்தைய நாள், டிரைவர் பக்கக் கதவுத் தூணிலோ இன்ஜின் அறையிலோ உள்ள தகட்டில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். ஜனவரியில் பதிவு செய்யும் வண்டி முந்தைய ஜூனில் தயாரானதாக இருந்தால், அதற்கான தள்ளுபடி உங்கள் பில்லில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மிச்சப் பணத்தை அனுப்புங்கள்.